டப்பா மேல இருக்கிற படமும், டப்பாவோட படமும்

(ஆடியோ எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, நடுவில் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

ஒரு லட்சுமி வெடியை மனசுல நினைச்சுப் பாருங்க. மேல் தாளில் என்ன படம் இருக்கும்? லட்சுமி. குருவி வெடி பாக்கெட்டில் குருவி. தீப்பெட்டி லேபிளில் சாமி, சேவல், மயில், அணில், பூ என்று எதுவும் இருக்கும், தீக்குச்சி மட்டும் பெரும்பாலும் இருக்காது. சிவகாசி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாகப் பொருளை விற்றது படம்தான். ஆனால் அந்தப் படத்துக்குள்ள பொருள் கிடையாது!

இன்னைக்கு நிலைமை அப்படியே தலைகீழ். வாங்குறவர் கையில் டப்பா இல்லை, மொபைல்தான் இருக்கு. டப்பாவையே படம் எடுத்து அனுப்பணும். ஆனைக்குட்டத்தில் இருந்து ஒரு தங்கச்சி நமக்கு அனுப்பின கேள்வி இதுதான்: "அண்ணா, வீட்டிலேயே கிஃப்ட் பாக்ஸும் பேப்பர் பையும் செஞ்சு விக்கிறோம். போட்டோ எடுத்தா டப்பா மங்கலா, கலர் மாறித் தெரியுது. எந்த லைட் வாங்கலாம்?"

ஆனைக்குட்டம் தெரியாதவங்களுக்கு: அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருக்கிற ஊர், விருதுநகர் மாவட்டம். ஒரு பக்கம் விருதுநகர், இன்னொரு பக்கம் திருத்தங்கல், சிவகாசி. அச்சும் அட்டையும் லேபிளும் புழங்குற வட்டாரம். அங்கிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததும், "இந்த லைட்டை வாங்கும்மா" என்று ஒரு வரியில் முடிக்க மனசு வரலை. ஒரு பொருளுக்கு வெளிச்சம் கொடுத்துப் படம் எடுக்கிற வேலைக்கு நீளமான வரலாறு இருக்கு. அதுல ஒரு பாதி நம்ம ஊர் வழியாகவே போகுது. முதல்ல அந்தக் கதை, அப்புறம் பதில்.

லேபிள் பிறந்த கதை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குத் தீப்பெட்டி பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வந்தது. ஸ்வீடன், ஜப்பான் இரண்டும் முக்கியமான நாடுகள். அந்த ஊர்க் கம்பெனிகள் இந்தியச் சந்தைக்காகவே இந்தியத் தெய்வங்களின் படம் போட்ட லேபிள்களை அச்சடித்து ஒட்டி அனுப்பின. வாங்குறவருக்கு எழுத்து படிக்கத் தெரியணும்னு அவசியம் இல்லை. படத்தைக் காட்டி "இது கொடு" என்று கேட்டால் போதும்.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த பூமி, விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத மக்கள், காயவைக்க நல்ல வெயில். தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது, பின்னாலேயே பட்டாசும் வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேணும். அதை எத்தனை நாள் வெளியூரில் அடித்து வாங்குவது? அப்படித்தான் லித்தோ அச்சகங்கள் வந்தன. இன்னைக்குச் சிவகாசி என்றால் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் எல்லாம் நினைவுக்கு வருது இல்லையா, அதுக்கு வித்து அந்தச் சின்ன லேபிள்.

லித்தோ என்றால் கல். வழவழப்பான சுண்ணாம்புக்கல் மேல் பசை மையால் வரைவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் முழுப் படம். இதுல கவனிங்க, எந்த விளக்கும் கிடையாது. லட்சுமியின் முகத்தில் விழுகிற ஒளி ஓவியரின் கையில் இருந்து வந்தது. நிழல் எங்கே வேணும், எங்கே வேண்டாம் என்பதை அவரே முடிவு செய்தார்.

அப்போ வாங்குறவர் பொருளை எப்படிச் சரிபார்த்தார்? கடையில் கையில் எடுத்துப் பார்த்தார். மொத்த வியாபாரி என்றால் சாம்பிள் கேட்டார். காலண்டர் தொழிலில் அந்தப் பழக்கம் இன்றும் இருக்கு. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜென்ட் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆல்பத்தில் இருப்பது காலண்டரின் போட்டோ கிடையாது, அசல் தாள். தொட்டுப் பார்க்கலாம். ஆக, லேபிள் ஒரு வாக்குறுதி, சாம்பிள் ஒரு சாட்சி. இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் ப்ராடக்ட் போட்டோ வீட்டில்தான் எடுத்தாங்க

சாம்பிளின் வேலையைப் படத்தால் செய்ய முடியுமா? இந்த யோசனை சிவகாசி லேபிளுக்கு 80 வருஷம் முன்னாடியே இங்கிலாந்தில் ஒருத்தருக்கு வந்துவிட்டது. அவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். நெகட்டிவ் எடுத்து அதில் இருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்ற முறையைக் கண்டுபிடித்தவர். 1844-இல் இருந்து 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட "தி பென்சில் ஆஃப் நேச்சர்" என்ற புத்தகத்தில் 24 படங்கள். அதில் ஒன்று பீங்கான் சாமான்கள், இன்னொன்று கண்ணாடிச் சாமான்கள். தட்டில் தட்டாக, வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். நம்ம ஊர்ப் பாத்திரக்கடை ஷோகேஸ் மாதிரியே இருக்கும்.

எடுத்தது எங்கே? லேகாக் அபே என்ற அவருடைய சொந்த வீட்டில். விளக்கு? சூரியன்தான். மின்விளக்கு வராத காலம்.

அந்தப் படங்களோடு டால்பட் எழுதிய குறிப்புகளில் இரண்டு விஷயம் இன்னைக்கும் அப்படியே பொருந்தும். முதல் விஷயம்: இந்தச் சாமான்களைத் திருடன் எடுத்துக்கொண்டு போய்விட்டால், இந்தப் படத்தைக் கோர்ட்டில் காட்டலாம், அது பேசாத சாட்சியாக இருக்கும் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். அதாவது பொருளைப் படம் எடுக்கிற வேலையின் தொடக்கத்திலேயே "சாட்சி" என்ற எண்ணம் வந்துவிட்டது.

இரண்டாவது விஷயம் சுத்தமான டெக்னிக்கல். வெள்ளைப் பீங்கானையும் கண்ணாடியையும் ஒரே படத்தில் வைத்தால் சரியாக வராது என்கிறார். பீங்கான் பளிச்சென்று இருப்பதால் அதன் படம் சீக்கிரம் பதிந்து முடிந்துவிடும், கண்ணாடி அப்போதுதான் பதியவே ஆரம்பிக்கும். இன்னைக்கு மொழியில் சொன்னா டைனமிக் ரேஞ்ச் பிரச்சினை. வெள்ளை டப்பாவையும் கறுப்பு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு எடுத்தால், ஒன்று வெளுத்துப் போகும், இல்லன்னா இன்னொன்று இருட்டில் போகும். 180 வருஷம் ஆச்சு, ஆலோசனை மாறலை: தனித்தனியா எடுங்க.

மெட்ராஸ் மியூசியம், 1858

டால்பட் சொன்ன அந்தச் சாட்சி வேலையை நம்ம பக்கம் சீக்கிரமே செய்து பார்த்தார்கள். ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சிற்பங்களை வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-இல் தோண்டி எடுத்தார். அவை மெட்ராஸுக்கு வந்தன. பிறகு அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1858-இல் மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் அந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அதே வருஷம் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் சுற்றிக் கோயில்களைப் படம் எடுத்த அதே மனிதர்தான். அவரோடு வேலை செய்தவர்களில் சி. அய்யாசாமி என்ற தமிழரும் உண்டு.

1859-இல் அந்தச் சிற்பங்களில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போனது. இன்றைக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. கப்பல் ஏறுவதற்கு முன் அவை எந்த நிலையில் இருந்தன என்று இன்னைக்கு ஒருத்தர் கேட்டால், காட்டுவதற்கு ட்ரைப் எடுத்த படங்கள் இருக்கு. கல் கடல் தாண்டிப் போய்விட்டது, சாட்சி பதிவாகிவிட்டது.

இதுல லைட்டிங் பாடம் ஒன்று இருக்கு. புடைப்புச் சிற்பத்துக்கு நேர் முன்னாடி இருந்து வெளிச்சம் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் இருந்து சாய்வாக வரணும். அப்பத்தான் மேடு ஒளியிலும் பள்ளம் நிழலிலும் இருக்கும், உருவம் எழும்பி நிற்கும். எம்பாஸ் செய்த கல்யாணப் பத்திரிகையை எடுக்கிறவங்களுக்கும் இதே விதிதான். மொபைலின் சொந்த பிளாஷைப் போட்டீங்கன்னா எம்பாஸே காணாமப் போயிடும்.

பட்டாசும் பிளாஷும் பங்காளிகள்

சூரியனை நம்பி எத்தனை நாள் இருக்க முடியும்? மேகம் வரும், இருட்டும். அதனால் புகைப்படக்காரர்கள் நெருப்பைத் தேடிப் போனார்கள். 1860-களில் மக்னீசியம் கம்பியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். நம்ம கம்பி மத்தாப்பு மாதிரி கையில் பிடித்து எரிக்கிற சமாச்சாரம்தான். 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, யோஹன்னஸ் கெடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்பைடு கலந்த பிளாஷ் பவுடரைக் கொண்டுவந்தார்கள். கொளுத்தினால் கண நேரத்தில் பெரிய வெளிச்சம், கூடவே ஒரு மூட்டைப் புகை.

இந்தப் பெயர்கள் சிவகாசிக்காரங்களுக்குப் புதுசா என்ன? பொட்டாசியம் குளோரேட் தீக்குச்சியின் தலையில் இருக்கு. ஆன்டிமனி சல்பைடும் தீப்பெட்டித் தொழிலில் புழங்கின பொருள்தான். ஆக, ஒரு காலத்தில் ஸ்டுடியோ லைட்டும் தீப்பெட்டியும் பட்டாசும் ஒரே கெமிஸ்ட்ரி குடும்பத்துப் பங்காளிகள். குணமும் அதேதான். பிளாஷ் பவுடர் வெடித்துக் கையும் முகமும் கருகிய புகைப்படக்காரர்கள் நிறைய. செத்தவர்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்துச் செய்தி கேட்டு வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புகைப்படத் தொழில் அந்த ஆபத்தில் இருந்து மெதுவாக வெளியே வந்தது. 1929 வாக்கில் ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. எரியும் பொருளையும் ஆக்சிஜனையும் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்துவிட்டார்கள். வெடிப்பு உள்ளேயே முடிந்துவிடும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. 1931-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹரால்ட் எட்ஜர்டன் மின்சாரத்தால் ஒளிரும் எலெக்ட்ரானிக் பிளாஷை உருவாக்கினார். அதில் எரிவதற்கே எதுவும் கிடையாது. வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து மின்னல் மாதிரி வெட்டும், அடுத்த படத்துக்கு மறுபடியும் தயார்.

ஆனாலும் சூடு முழுசாப் போகலை. 1990-களின் கல்யாண வீடியோ ஞாபகம் இருக்கா? ஹாலோஜன் லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வருவார், மாப்பிள்ளை மூஞ்சி வேர்த்து வழியும். அது 1,000 வாட் அளவுக்குப் போகிற விளக்கு. இன்றைய எல்.இ.டி. அதே வெளிச்சத்தை அதில் ஒரு சின்னப் பங்கு மின்சாரத்தில் தருது.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்? சிவகாசி வட்டாரத்தில் வீட்டில் போட்டோ எடுக்கிறவங்க சில பேர் பட்டாசையும் எடுக்க நினைக்கலாம். தயவுசெய்து நிரம்பிய டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்குக்குக் கீழே வைக்காதீங்க. படத்துக்குக் காலி டப்பா போதும். மேல் தாள் அதேதானே? ஹாலோஜனும் மருந்தும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. பங்காளிச் சண்டை எப்ப மூளும்னு யாருக்கும் தெரியாது.

அச்சகத்துக்குள்ள ஒரு லைட்டிங் பள்ளிக்கூடம்

இப்போ நம்ம வட்டாரத்துக்குத் திரும்புவோம். 1940-களில் கோவில்பட்டிக்கு ஒரு ஓவியர் வந்து சேர்ந்தார். பெயர் சி. கொண்டையா ராஜு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனியில் சீன் வரைந்தவர். கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற பெயரில் அவரும் சீடர்களும் வேலை செய்தார்கள். போட்டோ எடுப்பது, போட்டோவுக்கு வண்ணம் தீட்டுவது, சாமி படம் வரைவது எல்லாம் உண்டு. அவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, தமிழ்நாட்டின் பூஜை அறைகளுக்குப் போயின. 1976-இல் கொண்டையா ராஜு காலமானார்.

அந்தப் படங்களை அடுத்த முறை பார்க்கும்போது ஒளியை மட்டும் கவனிங்க. நாடகத் திரை வரைந்த கையும், ஸ்டுடியோவில் முகத்துக்கு லைட் வைத்த அனுபவமும் அதில் சேர்ந்திருக்கும். முகத்தில் கடுமையான நிழல் இருக்காது. நகை மட்டும் மின்னும்.

சரி, ஓவியத்தை அச்சுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள்? கல்லில் கையால் வரைந்த காலம் போய் ஆஃப்செட் வந்தபோது, ஓவியத்தைப் படம் எடுத்து, நிறம் நிறமாகப் பிரித்து, ஃபிலிமாக்கித் தகட்டில் ஏற்றினார்கள். அதற்கு அச்சகங்களில் ப்ராசஸ் கேமரா என்று ஒரு பெரிய கேமரா இருக்கும். சிலது அறையை அடைக்கிற அளவுக்குப் பெரிசு. ஓவியத்தைச் சட்டத்தில் நேராக மாட்டி, இடப்பக்கமும் வலப்பக்கமும் பளிச்சென்ற விளக்குகளைச் சுமார் 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள்.

அது ஏன் 45 டிகிரி? பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். ஒளி எந்தக் கோணத்தில் விழுதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் தெறிக்கும். கேமரா நேர் எதிரே இருக்கு. 45 டிகிரியில் வந்த ஒளி எதிர்ப்பக்கம் 45 டிகிரியில் போய்விடும், லென்ஸுக்குள் வராது. பளபளப்பு மறைந்து நிறம் மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் ஒரு ஓரம் வெளிச்சம், ஒரு ஓரம் இருட்டு என்ற பிரச்சினையும் வராது.

வாழ்த்து அட்டை, லேபிள், டைரி அட்டை மாதிரி தட்டையான பொருளை விற்கிறவங்க யூடியூபில் தேடுற லைட்டிங் செட்டப், அச்சகத்து இருட்டறையில் வேலை பார்த்த ஆட்களுக்கு அன்றாட வேலை. அந்தத் தலைமுறை கேமரா ஆபரேட்டர் யாராவது உங்க தெருவில் இருந்தா போய்ப் பேசுங்க. ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வந்தபிறகு அந்த வேலை போய்விட்டது. கைப்பழக்கம் அவர்களிடம்தான் மிச்சம் இருக்கு.

வடக்கு ஜன்னல் நம்ம ஊருக்குச் சரிவருமா?

போட்டோகிராபி புத்தகங்களில் ஒரு பழைய உபதேசம் உண்டு: வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் உத்தமம். ஐரோப்பிய ஓவியர்களும் ஆரம்பகால ஸ்டுடியோக்களும் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்துக் கட்டினார்கள். அங்கே பகல் பொழுதில் சூரியன் தெற்குப் பக்கமாகவே போகும். அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் பெரும்பாலும் விழாது, வானத்தின் பரவலான ஒளி மட்டும் வரும்.

நாம அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. சிவகாசி வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9.5 டிகிரியில் இருக்கு. சூரியன் வடக்கே 23.5 டிகிரி வரை போய்த் திரும்பும். அப்போ கணக்குப் போடுங்க: சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சி வெயில் நம்ம தலைக்கு நேர் மேலே வரும். அதுக்கப்புறம் ஆவணி பாதி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். லண்டன் புத்தகம் சொல்ற வடக்கு ஜன்னல் அந்த நாலரை மாசத்தில் இங்கே வெயில் பக்கம்!

ஆனாலும் பயப்பட வேண்டாம். ஆனி மாசம் சூரியன் அதிகபட்சம் வடக்கே போனாலும் மத்தியானத்தில் உச்சியில் இருந்து 14 டிகிரிதான் விலகி இருக்கும். ஜன்னலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தாலே அந்த வெயிலைத் தடுத்துவிடும். தொல்லை காலையிலும் சாயங்காலமும்தான். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெயில் சாய்ந்து உள்ளே வரும். ஆகவே வெயில் காலத்தில் வடக்கு ஜன்னலில் 11 மணியில் இருந்து 2 மணி வரை நல்ல நேரம். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கு ஜன்னல் ஏறக்குறைய நாள் முழுக்கக் கைகொடுக்கும். ராகுகாலம் மட்டும் நீங்களே பார்த்துக்கோங்க.

அப்போ எந்த லைட் வாங்கணும்?

தங்கச்சி, இப்போ உன் கேள்விக்கு வர்றேன். முதல்ல எதுவும் வாங்காதே. இதுவரை பார்த்த எல்லாக் கதையிலும் விஷயம் ஒன்றுதான்: வெளிச்சம் எவ்வளவு பலம் என்பதைவிட, பொருளோடு ஒப்பிட்டா அது எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கத்தில் இருந்து வருது என்பதுதான் முக்கியம். சூரியன் பிரம்மாண்டம்தான், ஆனா வானத்தில் ஒரு பொட்டு மாதிரி இருப்பதால் நிழல் கத்தி மாதிரி விழும். ஜன்னல் சின்னதுதான், ஆனா டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தா டப்பாவைவிடப் பலமடங்கு பெரிசு. நிழல் மென்மையாகிவிடும்.

ஜன்னலை ஒட்டி மேசையைப் போடு. வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். நேர் வெயில் விழுந்தா பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டு. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்து, நிழல் பக்கம் கொஞ்சம் தெளியும். பின்னணிக்கு ஒரு சார்ட் பேப்பரைச் சுவரில் இருந்து மேசை வரைக்கும் மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டு.

அறையில் டியூப் லைட், பல்பு எல்லாத்தையும் அணை. கலர் மாறித் தெரியுதுன்னு சொன்னியே, பெரும்பாலும் காரணம் இதுதான். ஜன்னல் ஒளி நீலம் கலந்தது, மஞ்சள் பல்பு ஒளி செம்மை கலந்தது. இரண்டும் ஒரே டப்பாவில் விழுந்தா எதைச் சரிசெய்வதுன்னு கேமராவுக்குத் தெரியாது.

படம் மங்கலா இருக்குன்னா அதுக்கும் காரணம் இருக்கு. கேமரா எதைப் பார்த்தாலும் சராசரியா நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பின்னணி நிறைய இருந்தா அதையும் சாம்பலாக்கிவிடும். திரையில் டப்பாவைத் தொட்டு, சூரியன் படம் போட்ட அளவைக் கொஞ்சம் மேலே தள்ளு. அப்புறம், ரொம்பக் கிட்டப் போய் எடுக்காதே. முன்மூலை உப்பித் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடு.

தங்க நிற ஃபாயில் ஒட்டின டப்பாதான் கஷ்டம். ஃபாயில் ஒரு கண்ணாடி. சுற்றி இருக்கிறதைத்தான் காட்டும், அறை இருட்டா இருந்தா தங்கமும் கறுப்பாகத் தெரியும். கேமராவில் இருந்து பார்க்கும்போது ஃபாயிலில் எந்த இடம் பிரதிபலிக்குதோ, அந்த இடத்தில் வெள்ளை அட்டையை வை. கறுத்துக் கிடந்த தங்கம் பளிச்சுனு ஆகிவிடும்.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்குதுன்னா அப்போ ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கலாம். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் போட்டிருப்பார்கள். 95-க்கு மேல் இருப்பதாகப் பார். வேட்டி இங்கேயும் வேணும், விளக்குக்கு முன்னாடி. படத்தில் கோடு கோடா விழுந்தா, நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். மொபைலின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் கோடு போய்விடும்.

சாட்சி சொல்ற படம்

கடைசியா ஒரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஆன்லைன் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. அப்படியும் தீபாவளி நெருங்கும்போது சிவகாசி பெயரில் போலித் தளங்கள் முளைக்கின்றன. அழகழகான படம், பாதி விலை, பணம் கட்டினதும் ஆளைக் காணோம். சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்காங்க. அந்தத் தளங்களில் இருக்கிற படங்களைக் கவனிச்சா, பின்னணி வெட்டப்பட்டு, நிழல் இல்லாமல், வெள்ளையில் மிதக்கிற டப்பாக்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கலாம். அது எந்த அறையையும் சேர்ந்தது கிடையாது.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பனைத் தளத்தில் போடும் விவரமும் படமும் பொருளின் தோற்றத்தோடும் தன்மையோடும் ஒத்துப்போகும் என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி வாங்கச் சொல்கின்றன. டால்பட் 1844-இல் சொன்ன சாட்சி இங்கே சட்டத்தில் ஏறியிருக்கு.

அதனால வீட்டில் எடுக்கிற படத்தில் அந்த மென்மையான நிழலை அழிச்சிடாதீங்க. நிழல் இருந்தா, இந்த டப்பா உண்மையிலேயே ஒரு மேசை மேல், ஒரு ஜன்னல் பக்கத்தில் இருந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். ஒரு படத்திலாவது கையில் பிடித்த மாதிரி எடுங்க, அளவு புரியும். அட்டையில் லேசா மடிப்பு இருந்தா அதுவும் தெரியட்டும். திரும்பி வர்ற பார்சல் குறையும்.

லேபிளில் லட்சுமி இருந்தப்போ யாரும் உள்ளே லட்சுமியைத் தேடலை. அது வாக்குறுதின்னு இரண்டு பக்கமும் தெரியும். போட்டோ அப்படி இல்லை. பார்க்கிறவர் அதை நம்பித்தான் பணம் அனுப்புறார். ஏஜென்ட் கையில் இருந்த ஆல்பத்தின் வேலையை இப்போ உங்க ஜன்னல் ஓரத்துப் படம் செய்யுது. சாம்பிள் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையா படமும் இருக்கட்டும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை எங்களுக்கும் அனுப்புங்க மக்களே. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.